சிகிச்சைக்குப் பின் ஊட்டும் கைகள்

ஊட்டக் குறைவால் நலிந்த குழந்தை மருத்துவமனையில் தேறினாலும், வீட்டில் பழைய அரைவயிற்று உணவே தொடருமாயின் மீண்டும் நலிவுறும். எனவே சிகிச்சையின் பிற்பகுதி தாயின் பொறுப்பாகிறது.

1918-இல் குன்னூரில் தோன்றி, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்ட தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதற்கென வகுத்ததே 'ஹைதராபாத் கலவை'. கோதுமை 40 கிராம், கடலைப் பருப்பு 16 கிராம், நிலக்கடலை 10 கிராம் ஆகியவற்றை வறுத்துப் பொடித்து, 20 கிராம் வெல்லம் சேர்த்தால் 330 கலோரியும் 11.3 கிராம் புரதமும் கிடைக்கும். விலையுயர்ந்த பால்மாவு தேவையில்லை. பூஞ்சை பிடித்த நிலக்கடலையை அறவே நீக்குதல் வேண்டும்.

குழந்தையின் இரைப்பை சிறியது; ஆகவே சிறுகச் சிறுகப் பலமுறை ஊட்டுவதே முறை. கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு இது எளிதன்று. அவள் இல்லாத வேளையில் குழந்தையைப் பேணும் பாட்டிக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் இதனைக் கற்பித்தல் இன்றியமையாதது. செய்முறைத் தாள் மட்டும் குழந்தையின் பசியை ஆற்றாது.