கொல்லைத் தரையை மூட நம் நாட்டுப் படர்செடிகள்

வீட்டுக் கொல்லையில் கிணற்றடி, வேலியோரம், தென்னைகளுக்கு இடைப்பட்ட இடம் ஆகியவை பெரும்பாலும் வெறும் தரையாகவே விடப்படுகின்றன. ஐப்பசி மழையில் இவ்விடங்களின் மேல்மண் கரைந்து ஓடுகிறது. சித்திரை வெயிலில் தரை இறுகிவிடுகிறது. ஆண்டு முழுவதும் பசுமையாயிருந்து தரையோடு படரும் செடிகளை வளர்த்தால் மண் காக்கப்படுவதுடன் கீரையும் கிடைக்கும். இதற்காக விலை கொடுத்து நாற்று வாங்க வேண்டியதில்லை. வாய்க்கால் வரப்புகளிலேயே இவை வளர்ந்துள்ளன.

நல்ல வெயில்படும் இடத்திற்குப் பொடுதலையே ஏற்றது. இது கணுதோறும் வேர்விட்டு மண்ணை இறுகப் பிடிக்கும். ஓரளவு வறட்சியையும் உவரையும் தாங்கும். மிதிபட்டாலும் மீண்டும் துளிர்க்கும். இதன் சிறு பூக்களை நாடித் தேனீக்கள் வரும். நிழலும் ஈரமும் உள்ள கிணற்றடிக்கு வல்லாரை பொருந்தும். ஆனால் சாக்கடை நீர் பாயும் இடத்தில் வளர்ந்த வல்லாரையைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

அரைநிழலில் மஞ்சள் கரிசலாங்கண்ணி செழித்துப் படரும். இதில் விவசாயப் பெருமக்கள் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்கவேண்டும். தென் அமெரிக்கா முதலிய வெப்ப நாடுகளிலிருந்து வந்த ஒரு படர்செடி அழகுச் செடியாக நாற்றுப் பண்ணைகளில் விற்கப்படுகிறது. அதுவும் மஞ்சள் பூப் பூப்பதால், காமாலைக்கு உதவும் கரிசலாங்கண்ணி என்று எண்ணிப் பலர் பறித்துச் சமைக்கின்றனர். இது தவறு. அயல் செடியின் முற்றிய இலை தடித்துப் பளபளப்பாகவும், இருபுறமும் மடல் பிரிந்து மூன்று கூறாகவும் காணப்படும். நம் நாட்டுச் செடியின் இலையோ மடல் பிரியாமல் நீண்டிருக்கும். இளம் இலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. முற்றிய இலையையே பார்க்கவேண்டும். உலகில் மிகுந்த கேடு விளைவிக்கும் 100 அயல் இனங்களின் பட்டியலில் அந்த அயல் செடியும் இடம்பெற்றுள்ளது. வாய்க்காலோரம் பரவிவிட்டால் அதை அகற்றுவது எளிதன்று.

நடுவதற்கு முன் கோரையை ஒழிப்பதே முக்கிய வேலை. மண்ணை ஆழக் கொத்தி, கிழங்குகளைப் பொறுக்கி, நீர் தெளித்து விடவேண்டும். இரண்டு வாரத்தில் மீண்டும் முளைப்பவற்றைக் கிழங்கோடு தோண்டி எடுக்கவேண்டும். அவசரப்பட்டு நட்டுவிட்டால் பின்னர் செடிக்கு நடுவே கோரையைப் பிடுங்கி மாளாது.

புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. 10 முதல் 15 செ.மீ. நீளமுள்ள, மூன்று நான்கு கணுக்கள் கொண்ட தண்டுகளை வெட்டி, இரு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு ஒரு சாண் இடைவெளியில் நடவேண்டும். மக்கிய தொழு உரம் போதும். வேர் பிடிக்கும் வரை நாள்தோறும் நீர் தெளிக்கவேண்டும்.

தென்னை மரத்தைச் சுற்றி 6 அடிக்குள் நடவேண்டாம்; அங்கு உரமிடக் கொத்தவேண்டியிருக்கும். வீட்டுச் சுவரிலிருந்தும் 2 அடி தள்ளியே நடுக. பூச்சி பொட்டு அடையும் என்று வீட்டில் உள்ளோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆகவே செடி கணுக்கால் உயரத்தைத் தாண்டும்போதெல்லாம் அரிவாளால் மட்டமாக அறுத்துவிடவேண்டும்.