முள் நகரவில்லையே என்று அழ வேண்டாம்!

காலையில் கண் விழித்ததும் சிலர் சாமி படத்தைப் பார்ப்பார்கள். சிலர் உள்ளங்கையைப் பார்ப்பார்கள். நானோ ஏழு மாதம் எடை மிஷினின் முள்ளில்தான் விழித்தேன். முள் அரைக் கிலோ இறங்கியிருந்தால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு தோசை கிடைக்கும். நேற்று நின்ற இடத்திலேயே நின்றால் பாத்திரங்கள் உருளும், ஒரு தப்பும் செய்யாத என் பெண் திட்டு வாங்குவாள்.

உடம்பு இளைக்க ஆபரேஷன் செய்துகொண்டவள் நான். இப்போது நம் பக்கத்துச் சின்ன ஊர்களிலிருந்துகூடப் பெண்கள் போய்ச் செய்துகொள்கிறார்கள். ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை. "தின்று தின்று பெருத்துவிட்டு, காசு கொடுத்து வயிற்றை வெட்டிக்கொண்டாள்" என்று பேசுவார்களே என்ற பயம்தான். நானும் மறைத்தவள்தான். மறைத்ததால் சந்தேகம் கேட்கவும் ஆள் இல்லாமல் தவித்தேன். அந்தத் தவிப்பு இன்னொரு சகோதரிக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2023 ஆவணியில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. அப்போது வயது 44, உயரம் 154 செ.மீ., எடை 112 கிலோ. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை வியாதி. இரண்டு மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசியும் சேர்ந்திருந்தது. மாடிப்படி ஏற முழங்கால் விடாது. கொள்ளுக் கஞ்சி, வெந்நீரில் தேன், விடியற்காலை நடை என்று நான் செய்யாத வைத்தியம் இல்லை. ஐந்து கிலோ இறங்கும், ஒரு கல்யாண சீசன் முடிவதற்குள் ஆறு கிலோ ஏறும். கடைசியில் ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்து முடிவு செய்தோம். பணத்துக்கு என் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போனது. அதனால் நகராத முள்ளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சங்கிலிதான் ஞாபகம் வரும்.

வயிற்றுக்குள் என்ன செய்கிறார்கள்?

பலரும் நினைப்பதுபோல் கொழுப்பை வெட்டி எடுத்துவிடுவதில்லை. வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் மாதிரி விடுகிறார்கள். நம் ரவிக்கைக் கை போல ஒடுக்கமாக இருப்பதால் இதற்கு 'ஸ்லீவ்' என்று பெயர். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு அதிகமாக உற்பத்தியாவது எடுக்கப்படும் பகுதியில்தான். அதனால் பசியும் குறைகிறது. இன்னொரு வகை 'பைபாஸ்'. இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைப்பது. அமெரிக்காவில் ஐயோவாவைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-லேயே இதைத் தொடங்கிவிட்டார்.

ஆக, ஆபரேஷன் சாப்பிடும் அளவையும் பசியையும்தான் குறைக்கிறது. உடம்பிலிருக்கும் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைய வேண்டும். அதற்கு ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் ஆகும். டாக்டர் இதை முதலிலேயே சொன்னார். என் காதில்தான் ஏறவில்லை.

மூன்றாவது வாரமே முதல் அடி

முதல் இரண்டு வாரத்தில் 7 கிலோ இறங்கியது. தலைகால் புரியவில்லை எனக்கு. தீபாவளிக்குப் புது அளவு ரவிக்கை என்று மனக்கோட்டை கட்டினேன். மூன்றாவது வாரம் முள் நின்றது. நாலாவது வாரமும் அப்படியே. உள்ளே தையல் பிரிந்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன்.

விஷயம் இதுதான். ஈரலிலும் தசையிலும் நம் உடம்பு மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. அதோடு நிறையத் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. சாப்பாடு திடீரென்று குறைந்ததும் முதலில் அந்தச் சேமிப்பும் தண்ணீரும் வெளியேறும். அதனால்தான் ஆரம்பத்தில் மளமளவென்று இறங்குகிறது. பிறகு உடம்பு சுதாரித்துக்கொண்டு கொஞ்சம் தண்ணீரைத் திரும்பப் பிடித்து வைக்கும். துவைத்த புடவையைப் பிழியும்போது முதல் முறுக்கில் தண்ணீர் கொட்டும். அதற்கப்புறம் கொடியில் போட்டுக் காத்திருக்கத்தானே வேண்டும்? அந்த மாதிரி. இந்த மூன்றாம் வார நிறுத்தம் நிறையப் பேருக்கு வருகிறது. தானாகவே விலகியும் விடுகிறது. எனக்கும் விலகியது.

ஒப்பிட்டுக் கெட்டேன்

பக்கத்துக் கட்டிலில் திருப்பூரிலிருந்து வந்த ஒரு பெண். எனக்கு ஆபரேஷன் நடந்த அன்றேதான் அவளுக்கும். அக்கா, அக்கா என்று உயிராக இருப்பாள். வாராவாரம் போனில் பேசிக்கொள்வோம். ஆறு மாதத்தில் அவள் 38 கிலோ குறைந்திருந்தாள். நான் 19. அதுவும் தை மாதம் 93 கிலோவில் நின்ற முள் ஏழு வாரம் அசையவே இல்லை. மெல்ல மெல்ல அவள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டேன்.

அத்தை வேறு, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான், "ஏங்கண்ணு, இத்தனை பணங் கட்டியும் இன்னும் அப்படியேதான இருக்கறே?" என்று கேட்டுவிட்டார். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அப்புறம் செய்ததுதான் முட்டாள்தனம். சாப்பாட்டை இன்னும் குறைத்தால் இறங்கும் என்று காலை ஆகாரத்தை விட்டேன். சத்து மாத்திரைகள்தான் உடம்பை ஊதவைக்கின்றன என்று நானே முடிவு கட்டி அவற்றையும் நிறுத்தினேன். ஆறு மாதச் செக்கப்புக்குப் போக வெட்கப்பட்டுப் பொய்ச்சாக்குச் சொன்னேன். தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. மாசி மாதம் ஒரு விடியற்காலை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கண் இருட்டி அப்படியே சாய்ந்துவிட்டேன். பால்காரர்தான் கூப்பாடு போட்டு என் பெண்ணை எழுப்பியிருக்கிறார்.

மூன்று நாள் நோட்டு

கோயமுத்தூரில் ரத்தம் சோதித்தார்கள். இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் மிகவும் குறைவு. டாக்டர் திட்டவில்லை. "இப்படி நிற்கிறபோதுதாம்மா நீங்கள் முதலில் இங்கே வரணும். வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டால் நான் எப்படி உதவுவேன்?" என்றார். தைராய்டையும் பார்த்துவிட்டு, உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். "ஆன்ட்டி, மூணு நாளைக்கு வாயில் போடுற எல்லாத்தையும் ஒரு நோட்டில் எழுதிட்டு வாங்க. ஒரு வாய்க் காப்பிகூட விடக்கூடாது" என்றாள். எழுதினேன். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஒன்றுமே சாப்பிடவில்லை என்று நினைத்தேனே, நாலு வேளை சர்க்கரை போட்ட காப்பி, கூடவே பிஸ்கட், சாயங்காலம் கொறிக்க முறுக்கு! முட்டை இல்லை, பயறு இல்லை, தயிர் பேருக்கு ஒரு கரண்டி.

அவள் விளக்கினாள். காப்பி, ஜூஸ் போன்றவை குழாய் போன்ற இரைப்பையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். முறுக்கும் பிஸ்கட்டும் நொறுங்கிக் கூழாகி அதே மாதிரிதான். வயிறு நிறையாது, சக்தி மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் புரதச்சத்து போதாததால் உடம்பு தன் தசையையே கரைக்கிறது. தசை குறைந்தால் உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. அப்புறம் முள் எப்படி நகரும்?

திருப்பூர்க்காரியோடு ஒப்பிட்டதற்கும் பதில் கிடைத்தது. அவளுக்கு வயது 29, சர்க்கரை இல்லை, ஆரம்பித்ததே 140 கிலோவில். அதிக எடையில் தொடங்குகிறவர்களுக்குக் கிலோக் கணக்கில் அதிகம் குறையும். வயது கூடியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் பொதுவாக மெதுவாகத்தான் இறங்கும். இரண்டு பேர் ஒரே கட்டைவிரல் ரேகை வைத்திருக்கிறோமா என்ன?

அவர் சொன்ன கணக்கு

வீடு திரும்பிய இரவு என் வீட்டுக்காரரிடம், "ஏனுங்க, உங்க காசெல்லாம் வீணாப் போச்சுங்க" என்று அழுதேன். அவர் அதிகம் பேசாதவர். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"நீ அந்த முள்ளையே பாத்துட்டு இருக்கறே. முன்னெல்லாம் ராத்திரி நீ குறட்டை விட்டுட்டே இருப்பே, திடீர்னு மூச்சு நின்னுபோகும். மறுபடி வருதான்னு நான் முழிச்சுட்டுக் கெடப்பேன். உங்கிட்டச் சொன்னதில்லை. இப்ப நாலு மாசமா நான் நிம்மதியாத் தூங்கறேன். அதை எந்த மிஷின்ல நிறுக்கறது?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அப்போதுதான் நானும் எண்ணிப் பார்த்தேன். இன்சுலின் ஊசியை டாக்டர் இரண்டாம் மாதமே நிறுத்தியிருந்தார். இரண்டு மாத்திரை ஒன்றாகியிருந்தது. மாடிக்குத் துணி உலர்த்த நானே போகிறேன். கையை இறுக்கிக்கொண்டிருந்த வளையல் தானாகக் கழன்று விழுகிறது. இவ்வளவும் நடந்திருக்க, முள் மட்டுமே கண்ணில் பட்டிருக்கிறது.

நான் கடைப்பிடிப்பவை

1. எடை பார்ப்பது வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை காலை மட்டும். மாதம் ஒருமுறை தையல் டேப்பால் இடுப்பு, வயிறு, புஜம் அளந்து குறித்து வைக்கிறேன். முள் நிற்கிற மாதத்தில்கூட டேப் குறைகிறது.

2. தட்டில் புரதம் முதலில், காய் அடுத்து, சாதம் கடைசியில். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்றார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பன்னீரில் ஏறக்குறைய 18 கிராம். மீன், கோழி, தயிர், பச்சைப்பயறு, நம் கொள்ளுப் பருப்பு எல்லாம் கைகொடுக்கும். போதாததற்கு டாக்டர் சொன்ன புரதப் பவுடர்.

3. சாப்பிடும்போது தண்ணீர் இல்லை. முடித்து அரை மணி கழித்து வாய் வாயாகக் குடிக்கிறேன். காப்பி இரண்டு வேளை, சர்க்கரை இல்லாமல். முதல் வாரம் கசந்தது, இப்போது பழகிவிட்டது.

4. சத்து மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. முடி கொட்டுவது மூன்றாவது மாதத்திலிருந்து பலருக்கும் வரும், பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். அதற்காக மாத்திரையை விடக்கூடாது.

5. தினம் 40 நிமிஷம் நடை. வாரம் மூன்று நாள், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குகிறேன். தசை கரையாமலிருக்க இது வேண்டும்.

6. முள் நின்றால் பட்டினி கிடப்பதில்லை. நோட்டுத்தான் எடுக்கிறேன்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். எந்தத் தடுப்பு முறை சரி என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையையோ ஊசியையோ நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எடை நிற்பது அவசரமில்லை. ஆனால் விடாத வாந்தி, தண்ணீர்கூட இறங்காமை, கடும் வயிற்று வலி, காய்ச்சல், கால் மரத்துப்போதல், பார்வைத் தடுமாற்றம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி 4,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல வருஷம் கவனித்திருக்கிறார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருஷம் எடை இறங்கி, அப்புறம் கொஞ்சம் ஏறி, பிறகு ஓரளவு நிலைத்திருக்கிறது. செய்துகொள்ளாதவர்களைவிட அவர்களில் இறந்தவர்கள் குறைவு என்று 2007-ல் தெரியவந்தது. கொஞ்சம் ஏறினாலும் எல்லாம் பாழ் என்று அர்த்தமில்லை என்பதற்கு எனக்கு அது போதும்.

நோட்டு எழுதத் தொடங்கி ஒன்றரை மாதத்தில் முள் அசைந்தது. மாதம் இரண்டு கிலோ, அப்புறம் ஒன்று. 2024 தீபாவளிக்கு 82. இதை எழுதும்போது 79. என் உயரத்துக்கு 59 கிலோதான் இருக்கலாமாம். அது வராமலே போகலாம். இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்த 53 கிலோவில் பாதிக்கு மேல் போய்விட்டதே, அது நல்ல பலன்தான் என்கிறார் டாக்டர்.

சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. இன்சுலினுக்குக் கொடுத்த பணம் இப்போது வட்டிக்குப் போகிறது. திருப்பூர்க்காரிக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு மூன்று மாதமாக முள் நகரவில்லையாம், அழுதாள். "ஒரு நோட்டு வாங்கி வெச்சுக்க கண்ணு, மத்ததை நான் சொல்றேன்" என்றேன்.