நெற்றியில் சீரியல் லைட், காலில் மொட்டை டயர்: லாரிச் சக்கரம் எப்படி இயங்குகிறது?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஆலப்பாக்கம் தாண்டி ஒரு பஞ்சர் கடை. புரட்டாசி முடிகிற நேரம். ஆயுத பூஜைக்கு ஜோடித்த பத்துச் சக்கர லாரி ஒன்று அங்கே நின்றது. நெற்றியில் ஓடி ஓடி எரியும் எல்இடி வரிசை, கேபின் தலைமேல் நான்கு குழல் ஏர் ஹாரன், கண்ணாடிக்கு மேலே பட்டுக் குஞ்சம். கோயில் தேர்கூட கொஞ்சம் வெட்கப்படும்.

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த கடைக்காரர் டயர்மேல் விரலை வைத்துத் தடவினார். விரல் எங்கேயும் பள்ளத்தில் இறங்கவில்லை. “அண்ணே, பட்டனே இல்லியே!” என்றார். “அடுத்த நடைக்குப் பாத்துக்கலாம்பா, இப்பதான் லைட்டுக்கு செலவு பண்ணேன்” என்றார் வண்டிக்காரர்.

அவரைத் திட்டுவது சுலபம். லைட்டை ஊரே பார்க்கிறது; டயரைக் குனிந்தால்தான் பார்க்க முடியும். அதனால் நாமும் கொஞ்சம் குனிந்து, அந்தக் கறுப்பு வளையத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முதலில் மாவு. மரத்திலிருந்து வடியும் ரப்பர் பால் அப்படியே எதற்கும் ஆகாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூடு காட்டினால் அது உறுதியாகிறது என்று கண்டுபிடித்தார். கலவை தவறிச் சூடான அடுப்பின்மேல் விழுந்தது என்பது கதை. ஆக, டயரும் பிறந்தது அடுப்படியில்தான். இன்றைக்கு அந்தக் கலவையில் நுண்ணிய கரிப்பொடியும் சேர்கிறது. டயரின் கறுப்பும் உழைப்பும் அதனால் வருபவை. அச்சில் வைத்துச் சூடாக்கினால் வெந்துவிடும். வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாது, இல்லையா? இதுவும் அப்படித்தான்.

அப்புறம் அடுக்கு. டயர் ஒரே கட்டி ரப்பர் என்று நினைத்தால் தப்பு. அது ஒரு பரோட்டா. உள்ளே நைலான் நூலோ எஃகுக் கம்பியோ ஓடும் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். அடுக்குகளின் ஓரத்தில் கூடையின் வாய்க்கட்டு மாதிரி தடித்த கம்பி வளையம். அதுதான் டயரைச் சக்கரத்தின் இரும்பு டிஸ்க்கோடு இறுக்கிப் பிடிக்கிறது. இதற்கெல்லாம் மேலே, சாலையில் படுகிற இடத்தில், பட்டன் வைத்த தடித்த தோல். பள்ளங்களுக்கு நடுவே எழும்பி நிற்கும் ரப்பர் கட்டிகள்தான் பட்டன். பரோட்டா மாஸ்டர் கடைசியில் இரண்டு கையாலும் தட்டி அடுக்கைப் பிரிப்பார் பாருங்கள், டயரில் அந்த வேலையைச் சூடு செய்கிறது. அடுக்கு பிரிந்தால் வெடிப்பு.

சரி, லோடைத் தாங்குவது இந்த ரப்பரா? பெரும்பாலும் இல்லை, உள்ளே இருக்கும் காற்று. முழு அரிசி மூட்டை நிமிர்ந்து நிற்கும். பாதி காலியான மூட்டை இடுப்பில் மடியும். லாரி டயரில் சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு வரை காற்று அடிப்பார்கள். கடையில் வெறுமனே “நூத்திப்பத்து”. இந்த அழுத்தத்தில் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஓர் ஊத்தப்பம். லோடோடு 28 டன் வரும் வண்டி பத்து ஊத்தப்பத்தின்மேல் ஓடுகிறது. வண்டி திரும்புவது, நிற்பது, வழுக்குவது எல்லாம் அந்தப் பத்து ஊத்தப்பத்துக்குள் முடிந்துவிடும். ஏர் ஹாரனுக்கு அதில் பங்கில்லை.

இப்போது பட்டனுக்கு வருவோம். ஒரு உண்மையை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்: காய்ந்த சாலையில் மொட்டை டயர் நல்ல பிள்ளை. பந்தயக் கார்களுக்கு வேண்டுமென்றே வழவழப்பான டயர்தான் மாட்டுகிறார்கள். வண்டிக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். சித்திரை வைகாசி முழுக்க ஒன்றும் ஆகவில்லை, அதனால் ஐப்பசியிலும் ஆகாது என்று நினைக்கிறார்கள்.

ஐப்பசி வேறு. கழுவிய எவர்சில்வர் தட்டை ஈர மேடையில் வைத்தால் யாரும் தொடாமலே நகரும். தட்டுக்கும் மேடைக்கும் நடுவே தண்ணீர்ப் படலம், அது போக வழியில்லை. பட்டனுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் அதற்கு வெட்டிய வடிகால். காட்டுமன்னார்கோயில் பக்கம் வயல் வைத்திருப்பவரிடம் கேளுங்கள், வடிகால் தூர்ந்தால் என்ன ஆகும் என்று. கணக்கும் போடலாம்: டயரின் அகலம் 20 சென்டிமீட்டர், சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர், வேகம் 60 கிலோமீட்டர். ஒவ்வொரு டயரும் விநாடிக்குப் பத்து லிட்டர் தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும். மொட்டை டயருக்கு அதை ஒதுக்க இடமே இல்லை. அதுவும் லோடு இறக்கிவிட்டுக் காலியாக வரும் வண்டியில் ஊத்தப்பம் இன்னும் சுருங்கிவிடும். பிரேக் மிதித்தால் வண்டி கோலம் போடும்.

பள்ளம் எவ்வளவு இருக்க வேண்டும்? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 94, லாரிக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன். பள்ளத்துக்குள்ளேயே குறுக்கே சின்னத் திட்டு ஒன்றை டயர் கம்பெனி வைத்திருக்கும். பட்டன் தேய்ந்து அந்தத் திட்டோடு சமமானால் டயரைக் கழற்ற வேண்டும். (பல ராகம் பாடும் ஹாரனையும் அதே விதிகளில் 119-வது விதி தடுக்கிறது. வண்டிக் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. குஞ்சத்தை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.)

மழையில்லாத நாளிலும் ஆபத்து உண்டு. அது காற்றுக் குறைவிலிருந்து வருகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள், மடியும் இடம் சுடும், பிறகு ஒடியும். காற்று இறங்கிய டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அப்படித்தான் மடிகிறது. பின்னால் இருப்பது ஜோடி டயர். ஜோடி மாட்டில் ஒன்று நொண்டினால் பாரம் மற்றதன் கழுத்துக்குப் போகும். உள்டயர் நொண்டினால் கண்ணுக்கும் தெரியாது. அதனால் கடைக்காரர் இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தட்டினார். பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பார்களே, அதே காது. ஏழு டயர் ‘ணங்’ என்றது. எட்டாவது, உள்பக்கம் இருந்தது, ‘தொம்’.

இனி காசுக் கணக்கு. நான் சொல்ல வந்ததே இதுதான். புது டயர் ஒன்று இருபதாயிரம் ரூபாயைச் சுற்றி. அதனால் கடைசிச் சொட்டுவரை ஓட்டித் தேய்ப்பதுதான் சிக்கனம் என்று வண்டிக்காரர் நம்புகிறார், சோப்புக்கட்டியைத் தேய்க்கிற மாதிரி. டயர் சோப்பு இல்லை. அது அம்மிக்கல். வழவழத்தால் அம்மியை யாராவது தூக்கிப் போட்டார்களா? தெருவில் கூவிக்கொண்டு வருபவரைக் கூப்பிட்டுக் கொத்திக்கொண்டோம். டயருக்கு அந்தக் கொத்துதான் ரீட்ரேடிங். முதலில் பழைய தோலைச் சீவி எடுப்பார்கள். பிறகு பசை ரப்பர் தடவி, பட்டன் வைத்த புதுப் பட்டையைச் சுற்றுவார்கள். பிறகு இட்லிக் கொப்பரை மாதிரி ஒரு பெரிய கலத்துக்குள் வைத்துச் சில மணி நேரம் வேக வைப்பார்கள். செலவு புது டயரில் பாதிக்கும் கீழே. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்.கூட 1952-ல் இந்த மேல்தோல் ரப்பரைச் செய்யப் போய்த்தான் பிறகு டயருக்கு வந்தது. முன்சக்கரத்துக்கு மட்டும் புதுசையே போடுங்கள். ஸ்டியரிங் அங்கே இருக்கிறது.

ஆனால் அம்மி விரிசல் விட்டால் எந்தக் கொத்தரும் கை வைக்க மாட்டார். தோல் தேய்ந்து கம்பி தெரியும்வரை ஓட்டினால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், அடுக்கு பிரியும். திட்டோடு சமமான அன்றே கழற்றியிருந்தால் மறுபடி ஒரு ஆயுள் கிடைத்திருக்கும். அதைத்தான் வண்டிக்காரர் ‘அடுத்த நடைக்கு’ என்று தள்ளிப்போட்டே தேய்த்துத் தீர்த்தார்.

கடைக்காரர் அந்த உள்டயரைக் கழற்றி உருட்டி வந்து வெளிச்சத்தில் சாய்த்தார். ஒரு ஓரத்தில் சாண் நீளத்துக்கு எஃகுக் கம்பி துருத்திக்கொண்டிருந்தது, மேலே மட்டும் நேற்று வைத்த சந்தனப் பொட்டு.

“ரீட்ரேடு போட்டுடலாமா?” என்றார் வண்டிக்காரர்.

“இதுவா? முதுநகர் துறைமுகத்துல போட்டுக்காரங்க கேப்பாங்கண்ணே. படகு கரையில இடிக்காம இருக்க ஓரத்துல கட்டித் தொங்க விடுவாங்க.”