சூடு துணிக்கு, மருந்து உடலுக்கு



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, ஆன்மிகம் எழுதும் தகுதி எனக்கு இல்லை என்றேன். தமிழ்ப்பள்ளியில் பல்லாண்டுகள் அறிவியல் கற்பித்தவன் நான். ஆகவே, நானே தவறு செய்து கற்றுக்கொண்ட ஓர் அறிவியல் பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற மறு ஆண்டு, அதாவது 2018இல், ஒரு சிறுவர் இல்லத்தைக் கவனிக்கும் பொறுப்பை ஆலயக் குழு என்னிடம் ஒப்படைத்தது. பள்ளி விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகள் இரவு முழுவதும் சொறிந்துகொண்டிருந்தார்கள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு எங்கும் சிறு சிறு கொப்புளங்கள். பார்த்த உடனே சொறி சிரங்கு என்று தெரிந்துவிட்டது. மலாய்க்காரர்கள் இதைக் ‘கூடிஸ் பூத்தா’ என்பார்கள்.

“உண்ணியும் ஓர் உயிர்தானே, சூட்டில் செத்துவிடும்” என்று நானே முடிவு செய்தேன். போர்வைகளைக் கொதிக்க வைத்தோம். நன்கொடைப் பணத்தில் புது மெத்தைகள் வாங்கினோம். பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் வேப்பிலை போட்ட வெந்நீர்க் குளியல். மூன்று வாரம் சென்றும் அரிப்பு நிற்கவில்லை. அதற்குள் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு முதுகில் தோல் வெந்து கொப்புளித்துவிட்டது. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரம்மா, “ஏன்டா தம்பி, சுட்டப்போ சொல்லலையா?” என்று கேட்டார். “சார்தான் சொன்னாரு, சூடா ஊத்துனாத்தான் பூச்சி சாவும்னு” என்றான் அவன். நான் தலை குனிந்து நின்றேன்.

அன்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கியதையும், பிறகு நான் படித்து அறிந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்த நோய்க்குக் காரணம் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் உண்ணி. பெண் உண்ணி தோலின் மேலடுக்கில் வளை தோண்டி, நாளுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடும். முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும். குஞ்சு முழு உண்ணியாக வளர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். முதன்முறையாகத் தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். ஆனால் அரிப்பு இல்லாத அந்த நாட்களிலும் அவர் பிறருக்குப் பரப்புவார். இதை அறியாமல்தான், சொறிந்த பிள்ளைகளை மட்டும் கவனித்துவிட்டு மற்றவர்களை நாங்கள் விட்டுவிட்டோம்.

சூட்டில் உண்ணி சாகும் என்பது உண்மைதான். 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 10 நிமிடம் இருந்தால் உண்ணியும் சாகும், முட்டையும் சாகும். ஆனால் அதே 50 பாகை நீர் சில நிமிடங்களில் மனிதத் தோலையும் வேகவைத்துவிடும். உண்ணியைக் கொல்லும் சூட்டை உடல் தாங்காது. உடல் தாங்கும் சூட்டில் உண்ணி சாகாது. வெந்நீர் ஊற்றும்போது அரிப்பு அடங்கியது போல் இருக்கும். பிறகு தோல் வறண்டு, அரிப்பு இன்னும் கூடும்.

அப்படியானால் சூட்டினால் எந்தத் தோல் நோயையும் குணப்படுத்த முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் அது வேறு நோய். மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணி ஆறாத தோல் புண்ணை உண்டாக்கும். ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் அது மிகுதி, இலங்கையிலும் உண்டு. மருத்துவர்கள் அந்தப் புண்ணை மரத்துப்போகச் செய்து, தனிக் கருவியால் 50 பாகை வெப்பத்தை 30 விநாடி மட்டும் செலுத்துவார்கள். புண் ஓரிடத்தில் இருப்பதால் அது இயலும். சிரங்கு உண்ணியோ கழுத்திலிருந்து கால்வரை எங்கும் வளை தோண்டியிருக்கும்.

இன்னொரு செய்தி எனக்கு வியப்பளித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெல்லன்பி என்ற அறிஞர் இதை ஆராய்ந்தார். நோயாளிகள் பயன்படுத்திய போர்வைகளில் தொண்டர்களைப் படுக்கவைத்துப் பார்த்ததில், மிகச் சிலருக்கே நோய் தொற்றியது. தோலோடு தோல் நெடுநேரம் படுவதுதான் முக்கியக் காரணம் என்று அவர் கண்டார். நாங்களோ போர்வையைத் துரத்தினோம், மனிதரை மறந்தோம்.

செய்ய வேண்டியவை இவைதாம்:

மருத்துவர் தரும் 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பை, கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, விரல் இடுக்கு, நகக்கண், தொப்புள் எதையும் விடாமல் இரவில் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு எப்படிப் பூசுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்க.

வீட்டில் உள்ள அனைவரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் பூச வேண்டும்.

அதே நாளில் உடுப்பு, துவாலை, படுக்கை விரிப்புகளைச் சுடுநீரில் துவைத்து, டோபி கடை உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் உலர்த்தலாம். துவைக்க முடியாதவற்றை நெகிழிப் பையில் கட்டி ஒரு வாரம் வைத்தால் போதும். மனித உடலை விட்டு விலகிய உண்ணி பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. மெத்தையை எறிய வேண்டியதில்லை.

உண்ணி செத்த பிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் நீடிக்கும். மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி மேலும் மேலும் பூசக்கூடாது. அதற்கு மேலும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

எங்கள் இல்லத்தில் பிள்ளைகளோடு பராமரிப்பாளர், சமையற்கார அம்மா, அவர் குடும்பத்தார், நான் என எல்லாரும் ஒரே இரவில் பூசிக்கொண்டோம். சமையற்கார அம்மா ஒரு மாதமாகவே சொறிந்துகொண்டிருந்தாராம். “வேலையை விட்டு நிறுத்திடுவீங்கன்னு பயந்துட்டேன் சார்” என்றார். உண்ணியைவிட அந்தப் பயம்தான் நோயைப் பரப்பியது. சொறி சிரங்கு அழுக்கானவர்களுக்கு வரும் நோய் அன்று. நெருங்கி வாழும் யாருக்கும் வரும். 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்துள்ளது.

கொடையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இல்லங்களுக்குப் போர்வையும் மெத்தையும் வழங்கும் உங்கள் நல்ல உள்ளத்திற்கு நன்றி. அடுத்த முறை வழங்குமுன், அங்கே இப்போது எது தேவை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் வாங்கிய மெத்தைகளின் விலையில், இல்லத்தார் அனைவருக்கும் இருமுறை களிம்பு வாங்கியும் பணம் மிஞ்சியிருக்கும்.

அந்தப் பையன் இப்போது இடைநிலைப்பள்ளி மாணவன். முதுகில் தழும்பு சிறிது உண்டு. என்னைக் கண்டால் இன்றும் “வணக்கம் சார்” என்று ஓடி வருகிறான். ஆசிரியர் சொன்னால் பிள்ளை சூட்டையும் தாங்கும். அதனால்தான் சொல்லுமுன் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இறையருளால் எல்லாரும் நோயின்றி வாழ்க.