மழைக்கோட்டுக்குள்ளேயே ஒரு மழை… தெரியுமா?

பெங்களூரு, மாலை நேரம், வானம் கறுக்கிறது. ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதிக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து கழற்றினால் சட்டை தொப்பல்! கோட்டில் ஓட்டையா? இல்லவே இல்லை. அத்தனையும் உங்கள் வியர்வை! அழுத்தி மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வைகூடக் கொட்டும், தெரியுமா?

சார்லஸ் மாக்கின்டாஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ரப்பரை நாப்தாவில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, நீர்புகாத் துணிக்குக் காப்புரிமை வாங்கியது 1823இல். நம் நாட்டின் 'டக்பேக்' மழைக்கோட்டு, 1920இல் கல்கத்தாவில் சுரேந்திர மோகன் போஸ் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு. இந்த ரப்பர் கோட்டுகளில் மழை உள்ளே வராது. வியர்வையும் வெளியே போகாது!

1969இல் அமெரிக்காவின் பாப் கோர், சூடாக்கிய டெஃப்ளான் தண்டை வெடுக்கென்று இழுத்தார். மெதுவாக இழுத்தபோதெல்லாம் அறுந்தது, அன்று பல மடங்கு நீண்டது! பிறந்தது கோர்டெக்ஸ் என்ற சவ்வு. அதன் துளை நீர்த்துளியைவிட 20,000 மடங்கு சிறியது. நீராவி மூலக்கூறைவிட 700 மடங்கு பெரியது. துளிக்குத் தடை, ஆவிக்கு வழி!

ஆனால் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்து, உலர்ந்திருந்தால்தான் ஆவி வேகமாக வெளியேறும். சென்னையின் புழுக்கத்தில் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே, மழை மாலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும் பெங்களூரில்தான் கொடுத்த காசுக்குப் பலன் தெரியும்!

கோட்டின் லேபிளில் '10,000 மி.மீ.' என்றிருக்கிறதா? 10 மீட்டர் உயரத் தண்ணீர், அதாவது மூன்று மாடி உயரம், மேலே நின்றாலும் துணி தாங்கும் என்று அர்த்தம்! மழைக்கு அவ்வளவு அழுத்தம் ஏது? பை வார் அழுத்தும் தோளில்தான் அந்தக் கணக்கு உதவும்.

இன்னொன்று. பெரிய மழைத்துளி மணிக்குச் சுமார் 32 கி.மீ. வேகத்தில் விழுகிறது. நீங்கள் 20 கி.மீ. வேகத்தில் போனால், நேராக விழும் மழையும் சுமார் 30 டிகிரி சாய்ந்து நெஞ்சில் அறையும்! போதாததற்குப் பின்சக்கரம் முதுகில் சேறு வாரி இறைக்கும். மட்கார்டு இல்லாமல் விலை உயர்ந்த கோட்டு வாங்குவது வீண் செலவு, சொல்லிவிட்டேன்.

கர்நாடக மலைநாட்டில் குனிந்து நாற்று நடுகிறவர்கள் தலையோடு முதுகையும் மூடும் 'கொரபு' போடுவார்கள். மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னியது. சைக்கிள் கோட்டுக்கும் அதே கணக்கு: பின்னால் நீளம், முன்னால் குட்டை!

அக்குளில் காற்றுக்கு ஜிப், பின்னால் நீளம், இருட்டில் மினுங்கும் பட்டை. மூன்றும் இல்லாத கோட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்!