புக்கிட் தீமாவில் நடப்பவர்கள்

சிங்கப்பூரின் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் விரைவுச் சாலைகளுக்கும் இடையில், 163 மீட்டருக்குச் சற்றே அதிகமான உயரமுள்ள ஒரு குன்றைச் சிகரமென்று கொண்டாடுவது, பெரிய மலைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நகைப்பை உண்டாக்கலாம். ஆனால் அத்தீவிலேயே மிக உயர்ந்த இயற்கை மேடாகிய புக்கிட் தீமாவின் சரிவுகளில், பூர்வகாலத்து மழைக்காட்டின் எச்சமொன்று இன்னமும் ஜீவனோடு விளங்குவதைக் கண்டவர்கள் நகைக்க மாட்டார்கள்.

1854-ல் இங்கே வந்து தங்கிய இயற்கை விஞ்ஞானி ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்புக்குள்ளேயே சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அந்தப் பொக்கிஷம் அவருக்குக் கிட்டியது, காட்டை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்த சீன மரவெட்டிகளின் புண்ணியத்தால் என்பதுதான் விசித்திரம். அறுபட்ட மரத்தையும் உரிந்த பட்டையையும் மரத்தூளையும் நாடியே வண்டுகள் வந்து மொய்த்தன. தீவின் வனங்கள் பெரும்பாலும் அழிந்தபின், நதானியேல் காண்ட்லி என்ற தாவரத் தோட்ட அதிகாரியின் சிபாரிசின்பேரில், 1883-ல் இக்குன்று காப்புக் காடாயிற்று. பிறகு 1986-ல் முடிந்த விரைவுச் சாலை, அடுத்திருந்த நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து இதைத் துண்டித்துவிட்டது.

ஆயினும் இக்காட்டை அன்றாடம் அரிப்பவை, அதன்மேல் பிரியம் வைத்து நடக்க வருகிறவர்களின் கால்களே என்பது என் அபிப்பிராயம். பாதையில் மழைநீர் தேங்கினால், காலணியை நனைக்க மனமில்லாதவர் ஓரமாக ஒதுங்குகிறார். பின்னால் வருபவர், முன்னவர் மிதித்த சேற்றுக்கும் அப்பால் ஒதுங்குகிறார். இப்படியே ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதையாய் விரிய, செராயா விருட்சங்களின் வேர்கள் வெளித்தெரிந்து தேய, பிடிமானமிழந்த மண் அடுத்த மழையில் கரைந்தோடுகிறது. செராயாவோ வருஷந்தோறும் காய்க்கும் மரமல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் ஒழுங்கற்ற இடைவெளியில்தான் காய்க்கும். ஆகையால் இன்று மிதிபட்ட நாற்றுக்கு அடுத்த பருவத்தில் ஈடு கிடைப்பதில்லை.

2014 செப்டம்பர் முதல் 2016 அக்டோபர் வரை காட்டின் பெரும்பகுதியை மூடி, சரிவுகளைப் பலப்படுத்தி, தரையினின்று உயர்த்திய நடைமேடைகளை அமைத்தார்கள். காட்டு நடையில் மண் காலில் படவேண்டாமா என்று கேட்கும் ரசிகர்கள், வேர்களின் சௌகரியத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம். விரைவுச் சாலைக்கு மேலே, 2013-ல், 62 மீட்டர் நீளப் பாலம் ஒன்றைக் கட்டி, மண் பரப்பி, மரம் நட்டு, அழுங்கும் மரநாயும் கடந்துபோக வழிசெய்தார்கள். அதில் இஷ்டம்போல் உலாவ நமக்கு அனுமதி இல்லை, அதுவே உசிதம்.