வீட்டிலேயே சூடான மசாலா வைன்: தயாரிப்பது எப்படி? சட்டம் சொல்வது என்ன?

ஒற்றசேகரமங்கலம் (கேரளா): கிறிஸ்துமஸ் நெருங்கும் நாட்களில் கேரள – தமிழ்நாடு எல்லைக் கிராமங்களில் கேக்குடன் சேர்த்துப் பேசப்படும் மற்றொரு பொருள் வைன். நெய்யாற்றின்கரை, பாறசாலை, ஒற்றசேகரமங்கலம் வட்டாரத்திலும், எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. திராட்சையையும் சர்க்கரையையும் பரணியில் இட்டு நொதிக்க வைக்கும் வழக்கம் கேரளத்தில் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

அண்மைக் காலமாக இதனுடன் இன்னொரு பானமும் பேசப்படுகிறது. ஐரோப்பாவின் குளிர்கால விழாக்களில் சூடாகப் பரிமாறப்படும் மசாலா வைன் அது. ஆங்கிலத்தில் ‘மல்டு வைன்’, ஜெர்மனியில் ‘குளூவைன்’, சுவீடனில் ‘குளொக்’, பிரான்ஸில் ‘வான் ஷோ’ என்று அழைக்கப்படுகிறது. இதன் செய்முறை எளிது. ஆனால் இதைச் சுற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் நிலவுகின்றன. வீட்டில் நொதிக்க வைக்கும் வைன் வெறும் பழச்சாறுதான் என்பது ஒன்று. சூடாக்கினால் ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிடும் என்பது மற்றொன்று. முதல் நம்பிக்கை ஒரு குடும்பத்தைச் சட்டச் சிக்கலில் தள்ளக்கூடும். இரண்டாவது, குழந்தைகளுக்கும் வாகனம் ஓட்டுபவர்களுக்கும் ஆபத்தாக முடியக்கூடும்.

மிளகு சென்ற வழி

வைனில் நறுமணப் பொருட்களைச் சேர்க்கும் வழக்கம் ரோமானியர் காலத்துக்குரியது. ‘அப்பிசியஸ்’ என்பவரின் பெயரால் அறியப்படும் ரோமானியச் சமையல் நூலின் தொடக்கத்திலேயே வைன், தேன், மிளகு ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சும் பானத்தின் குறிப்பு உள்ளது. அந்த மிளகு கேரளக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. மறுபுறம், யவனர் கொண்டுவந்த நறுமண மது தமிழ் மன்னர்களின் அவையில் பருகப்பட்டதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் பதிவு செய்துள்ளது. மதுவை ஏற்றிவந்த ரோமானியச் சாடிகளின் உடைந்த துண்டுகள் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும், கேரளத்தின் பட்டணத்திலும் அகழாய்வுகளில் கிடைத்துள்ளன.

ஆகவே, இந்தப் பானத்தின் மணம் எல்லைக் கிராமங்களுக்கு அந்நியமானது அல்ல. மிளகும் ஏலமும் சுக்கும் கேரளத்தின் விளைபொருட்கள். கிராம்போ, எல்லையைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்ட மலைப்பகுதிகளில் விளைகிறது. எண்ணெய்ச் சத்து மிகுந்த கன்னியாகுமரி கிராம்புக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பரணி வைன்: சட்டத்தின் பார்வை

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவுகளும் திருமணங்களும் எல்லையின் இருபுறமும் தொடர்ந்தாலும், மதுச் சட்டங்கள் வேறுபட்டன. எனினும் ஒரு விஷயத்தில் இரு மாநிலங்களும் ஒத்துப்போகின்றன. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிக்க இரண்டிலும் அனுமதி இல்லை.

கேரளத்தில் இதற்குரிய சட்டம் அப்காரிச் சட்டம். ஆல்கஹால் அடங்கிய எந்தத் திரவமும் அச்சட்டத்தின்படி மதுவே. வைனும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. உரிமமின்றித் தயாரித்தால், அச்சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க இடமுண்டு. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

2019ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை முன்னிட்டு, வீடுகளில் உரிமமின்றி வைன் தயாரிப்பது குற்றம் எனக் கேரளக் கலால் துறை சுற்றறிக்கை மூலம் எச்சரித்தது. சமூக வலைதளங்களில் பரவும் வைன் செய்முறைக் காணொளிகளும் அப்போது அத்துறையின் கவனத்துக்கு உள்ளாகின. பல வீடுகளில் பாட்டி காலத்துப் பழக்கமாகக் கருதப்பட்ட ஒன்று, சட்டத்தின் கண்ணில் மது உற்பத்தி என்பதைப் பலர் அறிந்துகொண்டது அப்போதுதான். திருப்பலிக்கான வைன்கூட உரிமம் பெற்ற இடங்களிலேயே தயாரிக்கப்படுகிறது.

சட்டம் இவ்வாறு பார்ப்பதற்கு அறிவியல் காரணமும் உண்டு. திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் நுண்ணுயிர்கள் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. பல நாட்கள் மூடிவைத்த பரணியில், கடையில் விற்கும் வைனை நெருங்கும் அளவுக்கு ஆல்கஹால் உருவாகலாம். அளந்து பார்க்காதவரை அது எவ்வளவு என்பது வீட்டாருக்கும் தெரியாது. நொதித்தல் முடியும் முன் இறுக மூடிய பாட்டில், வாயுவின் அழுத்தத்தால் வெடிப்பதும் உண்டு.

எனவே இங்கு விளக்கப்படும் முறையில் நொதித்தலுக்கு இடமில்லை. அரசு விற்பனை நிலையத்தில் ரசீதுடன் வாங்கிய வைனே அடிப்படை. கேரளத்தில் 23 வயதும், தமிழ்நாட்டில் 21 வயதும் நிறைந்தவர்களே மது வாங்க இயலும். ஒரு மாநிலத்தில் வாங்கிய பாட்டிலை அனுமதியின்றி மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டு செல்வதும் சிக்கலைத் தரும். களியக்காவிளையில் வாங்கிப் பாறசாலைக்குக் கொண்டு செல்வது சில நிமிடப் பயணம்தான் என்றாலும், அது மாநில எல்லையைக் கடப்பதே ஆகும். பண்டிகைச் சந்தையிலோ குடியிருப்போர் சங்க விழாவிலோ கோப்பைக் கணக்கில் விற்பதற்கும் உரிமம் தேவை.

தேவையான பொருட்கள்

ஆறு பேருக்குச் சிறு கோப்பைகளில் பரிமாறப் பின்வரும் அளவு போதுமானது:

• இனிப்பில்லாத சிவப்பு வைன் – 750 மி.லி. (ஒரு பாட்டில்)
• தண்ணீர் – 150 மி.லி.
• சர்க்கரை அல்லது பொடித்த கருப்பட்டி – 60 கிராம்
• பட்டை – விரல் நீளத்தில் 2 துண்டு
• கிராம்பு – 6
• ஏலக்காய் – 3 (லேசாகத் தட்டியது)
• மிளகு – 5
• அன்னாசிப்பூ – 1
• சுக்கு – சிறு துண்டு
• ஆரஞ்சுப் பழம் – 1 (தோலும் சாறும்)

விலை உயர்ந்த வைன் தேவையில்லை. சூடும் மசாலாவும் சேரும்போது அதன் நுட்பமான சுவைகள் மறைந்துவிடும். ‘போர்ட்’ என்ற பெயரில் கிடைக்கும் இனிப்பு வைனைப் பயன்படுத்தினால் சர்க்கரையைப் பாதிக்கு மேல் குறைக்க வேண்டும். மசாலாவைப் பொடியாகச் சேர்க்காமல் முழுதாகச் சேர்ப்பதே முறை. பொடி சேர்த்தால் பானம் கலங்கி, அடியில் மண்டி தங்கும். பட்டையில் மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருப்பது இலங்கைப் பட்டை. தடித்துக் கடினமாக இருப்பது காசியா வகை. அதன் காரம் அதிகம் என்பதால் ஒரு துண்டே போதும்.

செய்முறை

முதலில் எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரத்தில் தண்ணீர், சர்க்கரை, மசாலாப் பொருட்கள், ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றை இட்டு 10 நிமிடம் கொதிக்க விட வேண்டும். தோலின் உட்புற வெள்ளைப் பகுதி கசக்கும் என்பதால் அதை நீக்கிவிடுவது அவசியம். வைன் புளிப்புத் தன்மை கொண்டது. அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரங்களுடன் அது வினைபுரியும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மசாலாவைத் தனியாகக் கொதிக்க வைப்பதற்குக் காரணம் உண்டு. பட்டையும் கிராம்பும் தம் மணத்தை வெளியிடக் கொதிநீர் தேவை. வைனுக்கோ கொதி ஆகாது. பாகு தயாரான பிறகு அடுப்பை மிகக் குறைந்த தணலில் வைத்து, வைனையும் ஆரஞ்சுச் சாற்றையும் ஊற்றி மூடி, 15 முதல் 20 நிமிடம் வரை சூடாக்கினால் போதும். வெப்பம் 60 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. வெப்பமானி இல்லாவிடில், ஆவி மெல்ல எழ வேண்டும். ஆனால் குமிழிகள் பொங்கக் கூடாது என்பதே அடையாளம். கொதித்துவிட்டால் வைனின் பழ மணம் போய்க் கசப்பு மிஞ்சும். ஆல்கஹால் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால், எரியும் அடுப்பில் பாத்திரத்தைத் திறந்துவைத்துக் கொதிக்க விடுவது பாதுகாப்பானதும் அல்ல.

பரிமாறும் முறை

வடிகட்டிய பானத்தைக் கைப்பிடி உள்ள பீங்கான் கோப்பைகளில் ஊற்றிப் பரிமாறலாம். கண்ணாடி டம்ளர் என்றால், முதலில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டுப் பயன்படுத்தினால் விரிசல் விடாது. மேலே ஓர் ஆரஞ்சு வில்லையோ சிறு பட்டைத் துண்டோ போதுமானது. மசாலாவை வடிகட்டாமல் நீண்ட நேரம் விட்டால் கிராம்பின் காரம் மேலோங்கிவிடும். மீதமிருந்தால் ஆறவைத்து, மூடிய பாட்டிலில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

சூடாக்கினால் ஆல்கஹால் போய்விடுமா?

போகாது என்பதே நேரடியான பதில். ஆல்கஹாலின் கொதிநிலை சுமார் 78 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழான வெப்பத்தில், மூடிய பாத்திரத்தில் சூடாக்கும்போது ஆவியாகும் அளவு சொற்பமே. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணையின்படி, உணவுடன் கலந்து 30 நிமிடம் கொதிக்க விட்டாலும் ஆல்கஹாலில் சுமார் 35 சதவீதம் எஞ்சுகிறது. இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 சதவீதம் தங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, ‘குளூவைன்’ என்ற பெயரில் விற்கப்படும் பானத்தில் குறைந்தது 7 சதவீதம் ஆல்கஹால் இருந்தாக வேண்டும்.

மேற்கண்ட அளவில் 12 சதவீத வைனைப் பயன்படுத்தினால், பாட்டில் முழுவதிலும் சுமார் 71 கிராம் ஆல்கஹால் இருக்கும். ஆறு கோப்பைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 12 கிராம். இனிப்பும் மணமும் இதை மறைத்துவிடுவதால் இரண்டாவது கோப்பை எளிதில் உள்ளே செல்லும். இந்தியாவில் வாகனம் ஓட்டுபவரின் 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது குற்றம். உடல் எடை குறைந்தவருக்கு ஒரே கோப்பைகூட இந்த வரம்பை எட்டச் செய்யலாம். நள்ளிரவு ஆராதனைக்கு இருசக்கர வாகனத்தில் புறப்படுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

குளிருக்கு இதமளிக்கும் என்ற எண்ணமும் பாதி உண்மையே. ஆல்கஹால் தோலின் ரத்த நாளங்களை விரிவடையச் செய்வதால் வெம்மை தோன்றுகிறது. ஆனால் அதே காரணத்தால் உடல் தன் வெப்பத்தை இழக்கிறது. கர்ப்பிணிகள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், தூக்க மருந்து உள்ளிட்ட மருந்துகளை எடுத்துக்கொள்பவர்கள் இப்பானத்தைத் தவிர்க்க வேண்டும். ‘காய்ச்சியதுதானே’ என்று குழந்தைகளுக்கு ஒரு வாய் கொடுப்பதும் கூடாது.

அனைவருக்கும் ஏற்ற மாற்று

ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளில் குழந்தைகளுக்கென ஆல்கஹால் இல்லாத மசாலாப் பானம் தனியே விற்கப்படுகிறது. அதை இங்கு இன்னும் எளிதாகச் செய்யலாம். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கும் புவிசார் குறியீடு உண்டு. கேரளச் சந்தைகளிலும் அது தாராளமாகக் கிடைக்கிறது.

ஒரு கிலோ பன்னீர் திராட்சையைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் தோல் பிரியும்வரை வேகவைத்து, மசித்து வடிகட்ட வேண்டும். அந்தச் சாற்றில் மேற்கண்ட அதே மசாலாவைச் சேர்த்து 10 நிமிடம் கொதிக்க விட்டு, இறுதியில் ஆரஞ்சுச் சாறும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம். இதில் ஆல்கஹால் இல்லாததால் தாராளமாகக் கொதிக்க விடலாம். இனிப்புக்குக் கருப்பட்டி சேர்த்தால், எல்லைக் கிராமங்களுக்கு நன்கு பழகிய சுக்குக் காப்பியின் சாயல் வந்துவிடும்.

ஒரே நிபந்தனை, செய்த அன்றே பருகிவிட வேண்டும். திராட்சைச் சாற்றை அறை வெப்பத்தில் நாள்கணக்கில் விட்டுவைத்தால் அது தானாகவே நொதிக்கத் தொடங்கும்.

பெரியவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என இரண்டு பாத்திரங்களை வைக்கும் வீடுகளில், கோப்பைகளின் நிறத்தையாவது மாற்றிவைப்பது நல்லது. இரண்டின் நிறமும் மணமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், பார்வையாலும் முகர்வாலும் வேறுபாடு காண்பது கடினம்.